சுருளாத செருப்பு

வழக்கு வாசலில் வந்து நின்ற நேரத்தில் பட்டாசு மொட்டை மாடியில் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தான்.

காலையில் துணி உலர்த்தப் போனவன் செருப்பை அங்கேயே மறந்துவிட்டான். மத்தியானம் எடுக்கப் போனால் தரை தோசைக்கல்லாய்க் கொதித்தது. முந்தின நாள் ஆசையாக வாங்கிய மெத்தென்ற நுரை ரப்பர் செருப்போ நாலு பக்கமும் சுருங்கி, முனைகள் மேலே வளைந்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் செருப்பு அளவுக்கு ஆகியிருந்தது. விற்றவனை வாயாரத் திட்டிக்கொண்டே அதற்குள் விரல்களைத் திணித்து, குதிகால் பின்னால் தொங்கத் தொங்க இறங்கி வந்தான்.

பட்டாசு என்பது அவனுடைய அக்காள் வைத்த பேர். திரியைக் காட்டினாலே வெடித்துவிடுவான் என்பதால். அக்காள் வீட்டுக்காரர் துப்பறிவாளர். "அத்தானுக்குக் கூடமாட ஒத்தாசையா இருடா" என்று அக்காள் சொன்னதை உத்தியோக உத்தரவாக எடுத்துக்கொண்டு, "உதவித் துப்பறிவாளர்" என்று முகவரி அட்டை வரைக்கும் அடித்து வைத்திருந்தான். அத்தானோ நேர் எதிர். ஒரு கேள்வி கேட்பதற்குள் எதிரே இருப்பவர் இரண்டு பொய்யைச் சொல்லி முடித்துவிடலாம். அந்த அவகாசத்தை அவர் வேண்டுமென்றே கொடுக்கிறார் என்பது பட்டாசுக்கு இன்னும் விளங்கவில்லை.

முன்னறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மெலிந்த பெரியவர் ஒருவர். அந்த வேகாத வெயிலிலும் கோட்டு போட்டிருந்தார். பக்கத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி. முகத்தில் களை இல்லை, சரியாகத் தூங்கி நாளாகியிருக்கும். மலைநாட்டிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் என்று அக்காள் தண்ணீர் கொடுக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

பெரியவர் வாய் திறந்தார். இருமல்தான் முந்திக்கொண்டு வந்தது. உடனே அந்தப் பெண் எழுந்தாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறைக்கு இருந்த ஒரே ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டாள். திரும்பி வந்து பெரியவரின் கோட்டுக் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். எல்லாம் கை தன் பாட்டுக்குச் செய்தது.

அறை புழுங்கத் தொடங்கியது. 'வந்ததும் வராததுமா நம்மை அவிச்சுட்டாங்களே' என்று மனசுக்குள் முனகிக்கொண்டு பட்டாசு கைக்குட்டையைத் தேடினான்.

"உங்க மகளா?" என்று கேட்டார் அத்தான்.

"மகளோட சிநேகிதி சார். இப்போ மகதான். கஞ்சி காய்ச்சித் தர்றது, மாத்திரை எடுத்துத் தர்றது எல்லாம் இவதான்." பெரியவர் மடியிலிருந்த துணிப்பையைத் தடவிக்கொண்டார். "பெத்த மக போன வருஷம் இதே மாசம் இந்த ஊருக்கு வந்தா. பழைய கட்டடங்களை அளந்து படம் போடற படிப்பு. காலேஜ்ல கூட்டிட்டு வந்தாங்க. மத்த எல்லாரும் திரும்பிட்டாங்க."

அவர் தையற்காரர். கம்பளித் துணி தைப்பதில் அந்த மலைநாட்டில் பேர் எடுத்தவர். மனைவி இல்லை, ஒரே பெண். அந்தப் பெண் ஆற்றங்கரைக் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போன அன்று காணாமல் போனாள். பொழுது சாயும் நேரத்தில் காவல் கோபுரத்தின் உச்சியில், ஆற்றைப் பார்த்த கைப்பிடிச் சுவர் மேல், அவளுடைய செருப்பு ஜோடியாக இருந்தது. சில நாள் கழித்து உடல் ஆற்று முகத்துவாரத்தில் ஒதுங்கியது. தண்ணீரும் வெயிலும் சேர்ந்து டாக்டருக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை. தானாகக் குதித்தாள் என்று போலீஸ் முடித்துவிட்டது.

"எதுக்குக் குதிக்கணும்னு நீங்க கேக்கலை. கேட்டாலும் பதில் என்கிட்டதான் இருக்கு." பெரியவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "முந்தின நாள் போன் பண்ணா. 'இந்தப் படிப்பு எனக்கு ஒத்து வரலைப்பா, வந்துடறேன்'னா. எனக்குக் கோவம் வந்துச்சு. 'படிப்பை விட்டுட்டு வர்றதா இருந்தா என் வாசப்படி மிதிக்காதே'ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். அவ மிதிக்கவே இல்ல சார்."

பட்டாசு தேடிக்கொண்டிருந்த கைக்குட்டையை மறந்துவிட்டான்.

"ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். என் மகளை என் வார்த்தைதான் கொன்னுதா? ஆமான்னா ஆமான்னு சொல்லிடுங்க. தாங்கிக்குவேன். தெரியாம இருக்கறதைத்தான் தாங்க முடியலை."

அத்தான் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார். "நீ ஏதோ சொல்லணும்னு இருக்கியேம்மா."

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "சொன்னா சிரிப்பீங்க சார். எனக்கு ஒரு சத்தம் கேக்குது. மத்தியானம் மட்டும். யாரோ கண்ணாடியைத் தட்டற மாதிரி, மெதுவா. ஜன்னல்கிட்ட போய்ப் பார்த்தா வெளியில யாரும் இருக்க மாட்டாங்க." தலைப்பை மறுபடி விரலில் சுற்றினாள். "வெளியிலேருந்து தட்டற சத்தமும் இல்ல அது. உள்ளேருந்து."

கூரை மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது. பட்டாசு தன்னையறியாமல் சாத்தியிருந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"உங்களுக்குக் கேக்குதா ஐயா?"

"இல்ல சார். கேக்காதான்னு தினமும் உக்காந்திருக்கேன். என் பக்கம் வரவே மாட்டேங்குது."

அத்தான் அதை மனசில் வாங்கிக்கொண்ட மாதிரி தலையை ஆட்டினார். பெரியவர் துணிப்பையை அவிழ்த்து மேஜையில் வைத்தார். போலீஸ் திருப்பிக் கொடுத்த உடைமைகள். ஒரு ஜோடி நுரை ரப்பர் செருப்பு. நிறம் மங்கிப்போன கம்பளிச் சட்டை ஒன்று.

"இது உடம்புல இருந்தது. நானே தச்சது. பொத்தானெல்லாம் மேல வரைக்கும் போட்டிருந்துச்சாம். அதுதான் ஆச்சரியம், கழுத்துப் பொத்தானை மட்டும் அவ போடவே மாட்டா. 'கழுத்தைப் பிடிக்குதுப்பா'ன்னு என் கூடச் சண்டை போடுவா."

அத்தான் செருப்பைக் கையில் எடுத்தார். புரட்டிப் பார்த்தார். மேஜை மேல் வைத்து முன்னும் பின்னும் அழுத்தினார். வெட்டிய பலகை போல அது படிந்து உட்கார்ந்தது. பிறகு நிதானமாகக் குனிந்து பட்டாசின் கால்களைப் பார்த்தார்.

பட்டாசு இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். "வெளியாளுங்க முன்னாடி மானத்தை வாங்காதீங்க அத்தான்."

"இருக்கட்டும் மாப்ளே. அதைத் தூக்கிப் போட்டுடாதே" என்றார் அவர்.

*

கல்லூரி இந்த வருஷமும் மாணவிகளை அழைத்து வந்திருந்தது. பொறுப்பு போன வருஷம் கூட்டி வந்த அதே பேராசிரியைக்குத்தான். ஆற்றங்கரை விடுதியில் அவருடைய அறைக்குள் நுழைந்ததும் பட்டாசு திகைத்துப்போனான். எல்லா ஜன்னல்களும் விரியத் திறந்து கிடந்தன. கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அனல் காற்று உள்ளே வந்து, மேஜையிலிருந்த வரைபடங்கள் கூழாங்கற்களுக்கு அடியில் படபடத்தன. மாணவிகள் அறைகளில் குளிர்சாதனம் ஓடும் ஓசை கேட்டது. இந்த அறையில் அது நின்றிருந்தது.

"அடைச்ச ரூம்ல எனக்கு மூச்சு முட்டும்" என்றார் பேராசிரியை, கேட்காத கேள்விக்கு.

அன்று நடந்ததை அவர் கோவையாகச் சொன்னார். வழியிலேயே அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல். குளிருது என்றாள். வண்டியிலேயே படுக்கச் சொல்லிவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு இவர் கோட்டைக்குள் போனார். பெரியவரோடு வந்திருக்கும் சிநேகிதி மட்டும் கூட இருந்து, மாத்திரை கொடுத்து, அவள் தூங்கியபின் வந்து சேர்ந்துகொண்டாள். உச்சிப்பொழுதில் அவள் எழுந்து இறங்கிக் கோபுரத்துப் பக்கம் போனதை ஓட்டுநர் பார்த்திருக்கிறார். அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. பொழுது சாயும்வரை கோட்டை முழுக்கத் தேடினார்கள்.

"செருப்பை முதல்ல பார்த்தது யாரு?"

"நான்தான்."

"வண்டியில ஜன்னல் திறந்திருந்ததா?"

பேராசிரியையின் கை ஒரு கூழாங்கல்லை எடுத்தது. மறுபடி அதே இடத்தில் வைத்தது. "திறந்துதான் இருந்தது."

அத்தான் எழுந்தார். வாசல் வரை போய்விட்டு, ஏதோ மறந்தவர்போல் திரும்பினார். "மத்தியானத்துல உங்களுக்குக் கண்ணாடி தட்டற சத்தம் ஏதாவது கேக்குமா மேடம்?"

அந்த அம்மாளின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதைப் பட்டாசு கண்ணால் பார்த்தான். "யார் சொன்னா உங்களுக்கு?" என்றார். அதோடு வரைபடங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் பட்டாசு வெடித்தான். "இவங்கதான் அத்தான்! மூஞ்சியைப் பார்த்தீங்களா? தள்ளி விட்டுட்டாங்க!"

"எதுக்கு?"

"எதுக்குன்னா..." என்று இழுத்தான் பட்டாசு.

"அதுக்குப் பதில் கிடைக்கட்டும், அப்புறம் வெடி" என்று அத்தான் குடையை விரித்தார்.

ஓட்டுநர் கோட்டை வாசலில் புளியமரத்துக்கு அடியில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பழைய வேன். பக்கத்து ஜன்னல்களில் ஒன்றில்கூடக் கண்ணாடி இல்லை, வெறும் சட்டம்தான் இருந்தது. திரை மாட்டும் கம்பிகள் மட்டும் மொட்டையாக நின்றன.

"மழை வந்தா உள்ள குடை பிடிச்சுக்கிட்டு உக்காரணுமாண்ணே?" என்று சீண்டினான் பட்டாசு.

"காத்து வரட்டும் தம்பி" என்றார் அவர். சிரிக்கவில்லை.

அன்று பார்த்ததை அவரும் சொன்னார். பேராசிரியை சொன்னதற்கு ஒரு நூல் பிசகவில்லை. வண்டியிலிருந்து இறங்கினாள், கோபுரத்துப் பக்கம் நடந்தாள்.

"என்ன உடுத்தியிருந்தா?"

"சாதாரணமா, ஒரு பருத்திச் சட்டை."

"மேல கம்பளி?"

"இந்த வெயில்லயா? பைத்தியம்கூடப் போடாது சார்!" என்றார் ஓட்டுநர். அத்தான் நன்றி சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

*

அடுத்த நாள் காலையிலேயே அத்தானும் பட்டாசும் கோட்டைக்குப் போனார்கள். கடைத்தெருவில் வாங்கிய புது நுரை ரப்பர் செருப்பு ஒரு ஜோடி பட்டாசின் கையில் இருந்தது. கோபுரத்து உச்சியில், கைப்பிடிச் சுவர் மேல், ஆற்றைப் பார்த்தபடி அதை வைக்கச் சொன்னார் அத்தான். வைத்துவிட்டு நிமிர்ந்த பட்டாசு ஓரடி பின்வாங்கினான். செருப்பு மட்டும் நிற்கிறது, ஆளைக் காணோம். கீழே ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

மற்றவர்களை உச்சிப்பொழுதுக்கு வரச் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் அந்தக் கோட்டையைப் பார்க்காதவர்களுக்கு வெயிலும் பயமுறுத்தும் என்பது தெரியாது. எங்கே பார்த்தாலும் வெளுத்த கல். பறவை இல்லை. நிழலெல்லாம் காலடிக்குள் சுருங்கி ஒளிந்துகொண்டது. இந்த வருஷத்து மாணவிகள் தொப்பியும் தண்ணீர்ப் புட்டியுமாக வரிசையாகப் போனார்கள். வழிகாட்டி பழைய ராஜாக்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், யார் காதிலும் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்களும் ஒரு வளைவுக்குள் மறைந்தார்கள். எங்கோ ஏதோ டொக், டொக் என்று தட்டியது. மரங்கொத்தியாக இருக்கும் என்று பட்டாசு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வாசல் புளியமரத்தில் அது இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

புளியமரத்தடியில் வேன் பக்கமாகப் பெரியவர், சிநேகிதி, பேராசிரியை, ஓட்டுநர் நாலு பேரும் நின்றார்கள். அத்தான் கோபுரத்திலிருந்து எடுத்துவரச் சொன்ன செருப்பைப் பட்டாசு தரையில் போட்டான். முனைகள் மேலே சுருண்டு, ஓரங்கள் உள்ளே மடங்கி, அது காய்ந்த சருகு மாதிரி கிடந்தது.

"காலையில வச்சது" என்றார் அத்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். "இது போன வருஷம் போலீஸ் எடுத்தது. சாயங்கால வெயில், நீளமான நிழல். செருப்பைப் பாருங்க. நேரா, தட்டையா இருக்கு. அந்தச் செருப்பு இப்ப ஐயா பையில இருக்கு, இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு. உச்சிப்பொழுதுல மேல ஏறினவ கழட்டி வச்சதுன்னா, இந்நேரம் அது என் மச்சினன் கால்ல இருக்கறது மாதிரி ஆகியிருக்கணும்."

"நான் அப்பவே சொன்னேன், மானத்தை வாங்காதீங்கன்னு" என்று முணுமுணுத்தான் பட்டாசு. யாரும் சிரிக்கவில்லை.

"போலீஸ்காரங்க ஏன் கவனிக்கலை?" என்றார் பெரியவர்.

"தினம் பார்க்கற சங்கதி கண்ணுல படாது ஐயா. அது கிடக்கட்டும். வெயில் தாழ்ந்த பிறகு யாரோ வச்சிருக்காங்க. அந்த நேரத்துல கோட்டை முழுக்க உங்க மக பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு ஆளுங்க திரிஞ்சாங்க. அவங்க கண்ணுல படாம அவ படி ஏறியிருக்க முடியாது. ஏறினது தேடினவங்கள்ல ஒருத்தர். அதுவும் இந்த ஊர் வெயிலைப் பத்தித் தெரியாத ஒருத்தர். பக்கத்துல இருந்த டிரைவரைக் கேட்டிருந்தாகூட அவர் சொல்லியிருப்பார்."

பேராசிரியை கண்ணை மூடிக்கொண்டார்.

"டிரைவர், அவ பருத்திச் சட்டையோட இறங்கிப் போனாள்னு சொன்னீங்க. இந்த வெயில்ல கம்பளியைப் பைத்தியம்கூடப் போடாதுன்னீங்க. ஆனா ஆத்துலேருந்து எடுத்த உடம்புல கம்பளி இருந்துச்சே. காய்ச்சல்ல குளிருதுன்னு படுத்தப்ப எது மேல இருந்துச்சோ, அதோடதான் அவ ஆத்துக்குப் போயிருக்கா. அப்போ அவ வண்டியை விட்டு இறங்கவே இல்ல."

"ஐயோ" என்றார் ஓட்டுநர். அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க இந்த வண்டியில ஒரு கண்ணாடியை விட்டு வைக்கலை. மேடம் கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டுத் தூங்கறாங்க. மூடின ஜன்னலைப் பார்த்தா ரெண்டு பேருக்கும் ஏன் இந்தப் பயம்? அதைத்தான் நான் யோசிச்சேன்."

ஓட்டுநர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு பேசினார். "எல்லாரும் போயிட்டாங்கன்னு நினைச்சேன் சார். உள்ள ஆள் இருக்குன்னு யாரும் சொல்லலை. பையெல்லாம் இருக்கேன்னு பூட்டிட்டுச் சாப்பிடப் போனேன். அப்போ இந்த மரத்தடியில இடமில்ல, வெட்டவெளியில நின்னுச்சு வண்டி. ஜன்னல் மூடி, திரை போட்டிருந்துச்சு. வந்து திறந்தா உள்ளேருந்து அனல் அடிக்குது. இந்தப் பொண்ணு கடைசி சீட்டுல..." முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு குரலில் சொன்னார்: "அதுலேருந்து மத்தியானம் வண்டியை நிறுத்தினா தட்டற சத்தம் கேக்கும். தாங்காம எல்லாக் கண்ணாடியையும் கழட்டிப் போட்டேன். இப்பவும் கேக்குது சார். எதைத் தட்டுதுன்னுதான் தெரியலை."

பட்டாசு மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். மூன்று பேருக்கு ஒரே சத்தம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

"அந்த நேரம் பார்த்து நான் வந்தேன்" என்றார் பேராசிரியை. அவர் குரல் வகுப்பில் பாடம் சொல்வதுபோல் தட்டையாக இருந்தது. "உள்ள ஆள் இருக்குன்னு டிரைவர்கிட்ட சொல்ல வேண்டியது என் வேலை. சொல்லலை. ஜன்னலை மூடினதும் நான்தான். எங்க ஊர்ல குளிருக்கு மூடிப் பழக்கம். பயந்துபோய் நான்தான் அவரையும் கட்டாயப்படுத்தி ஆத்துக்கரைக்கு ஓட்டிட்டுப் போகச் சொன்னேன். அந்தச் செருப்பைக் கொண்டுபோய் வச்சதும் நான். எல்லாம் நான்தான். போலீஸ்ல எழுதித் தர்றேன்."

கதை முடிந்தது என்று பட்டாசு மூச்சு விடப் போனான். பாதியிலேயே அது நின்றது. அவனுக்குத் தங்கள் வீட்டு முன்னறை ஞாபகம் வந்தது. ஒரு இருமல். யாரையும் கேட்காமல் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, திரும்பி வந்து கழுத்துப் பொத்தானைப் போட்ட கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரி இப்போது அவனுக்கு எதிரே, பெரியவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அத்தானைப் பார்த்தான். அவர் படத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது நேற்றே தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. பட்டாசு பிறந்ததிலிருந்து தெரிந்ததைச் சொல்லாமல் இருந்ததே இல்லை; அன்றைக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். பெரியவருக்கு இருப்பது இவள் ஒருத்திதானே என்று அவன் மனசு அடித்துக்கொண்டது.

"மேடம்" என்றாள் அந்தப் பெண். "நீங்க எங்களுக்கு முன்னாடியே மேல போயிட்டீங்க. வண்டிப் பக்கமே வரலை."

"நீ சும்மா இரு" என்றார் பேராசிரியை. அதட்டல் இல்லை, கெஞ்சல்.

"நான்தான் மூடினேன்." அவள் பெரியவரின் கையை விட்டுவிட்டுத் தள்ளி நின்றாள். "காய்ச்சல் வந்தா எங்கம்மா அப்படித்தான் பண்ணுவாங்க. எல்லாத்தையும் அடைச்சு, நல்லாப் போர்த்தி, வேர்க்க விட்டா எறங்கிடும்பாங்க. அவளுக்குக் கம்பளியைப் போட்டுவிட்டேன். கழுத்துப் பொத்தானைப் போட்டப்ப, 'பிடிக்குதுடி'ன்னா. 'சும்மா படு'ன்னேன். நிம்மதியாத் தூங்கட்டும்னு ஒவ்வொரு ஜன்னலா மூடினேன். ஒரு இடுக்கு விடலை."

ஓட்டுநர் படியிலிருந்து எழுந்தார்.

"அப்புறம் அவ எறங்கிப் போயிட்டான்னு சொன்னாங்க. நம்பினேன். நம்பணும்னு நம்பினேன். மத்தியானமானா மட்டும் நம்ப முடியலை."

"இவ அன்னிக்கு மேலேருந்து ஓடி வந்தா" என்று பேராசிரியை அத்தானிடம் சொன்னார். இப்போது அவர் குரல் உடைந்திருந்தது. "கையில ஐஸ் போட்ட ஜூஸ். சிநேகிதிக்கு வாங்கிட்டு வந்தது. 'எழுந்துட்டாளா மேடம்'னு சிரிச்சுக்கிட்டே கேட்டா. உள்ள இருந்ததை அதுக்கு முந்தின நிமிஷம்தான் பார்த்திருந்தேன். பொத்தானைப் பார்த்ததுமே யார் கைன்னு தெரிஞ்சுபோச்சு. ஒருத்தி போயிட்டா. இன்னொருத்தியை நானே எப்படிக் கொல்றது? வாயில வந்த பொய்யைச் சொன்னேன். அதுக்கப்புறம் அதைக் காப்பாத்த ஒவ்வொண்ணாப் பண்ணினேன்."

"உங்க வேலையும் தப்பிச்சுது" என்றார் அத்தான்.

"ஆமா. இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

"அவ அப்பா போன்ல சொன்ன வார்த்தை உங்களுக்குத் தெரியாது. செருப்பை அங்க வச்சப்போ பழியை இவர் தலையில வச்சீங்க. நீங்க சுமையை இறக்கலைம்மா. தோள்தான் மாத்தினீங்க. இன்னைக்கே நீங்களும் டிரைவரும் போலீசுக்குப் போயிடுங்க, நான் கூட வர்றேன்." பிறகு அவர் பெரியவர் பக்கம் திரும்பினார். அவர் குரல் அப்படிக் கனிந்து பட்டாசு கேட்டதில்லை. "ஐயா, நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் இதான். உங்க வார்த்தை இல்ல."

பெரியவர் கேட்டாரா என்றே தெரியவில்லை. வேனுக்கு அருகே போனார். கண்ணாடி இல்லாத ஜன்னல் சட்டத்தைத் தடவிக் கொடுத்தார், துணியின் இழை பார்க்கிறவர்போல.

"அப்பா, இன்னொண்ணும் இருக்கு" என்றாள் அந்தப் பெண் அவர் முதுகைப் பார்த்து. "நீங்க திட்டினதை அவ அன்னிக்குக் காலையில என்கிட்ட சொன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா. 'வாசப்படி மிதிக்காதேங்கறாரு, பரவாயில்ல, கொல்லைப் பக்கமாப் போயிக்குவேன்'னா. அவ மனசுல ஒண்ணுமே இல்லப்பா. ஒரு வருஷமா நீங்க அழறதைப் பார்த்தும் நான் சொல்லலை. சொன்னா, அப்புறம் ஏன் செத்தான்னு கேப்பீங்க. அந்தக் கேள்விக்குப் பயந்துட்டேன்."

பெரியவர் திரும்பினார். "கொல்லைப் பக்கமா வர்றேன்னாளா?"

"ஆமாப்பா."

"சின்னதுலேருந்து அப்படித்தான் வருவா, தப்பு பண்ணிட்டா." அவர் முகம் சிரிக்கப் பார்த்தது, முடியாமல் கோணிக்கொண்டது. கண்ணீர் தாடையில் வழிந்தது, துடைக்கவில்லை. "ஒரு வருஷம்மா. தினம் உன் கையால கஞ்சி குடிச்சேனே. இந்த ஒரு வார்த்தையை எனக்குத் தந்திருக்கலாமே."

அவள் அடி வாங்கக் காத்திருப்பவள்போலத் தலை குனிந்தாள். தூரத்தில் மாணவிகளின் பேச்சுச் சத்தம் மறுபடி கேட்டது. அவர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். டொக்கென்ற அந்தச் சத்தம் எப்போது நின்றது என்று பட்டாசுக்குத் தெரியவில்லை.

பெரியவருக்கு இருமல் வந்தது. குனிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். அந்தப் பெண்ணின் கை தன்னால் எழுந்து அவர் கழுத்தை நோக்கிப் போனது. பாதி வழியில் அது தன்னைத் தெரிந்துகொண்டு, தீயைத் தொடப் போனதுபோல் நின்றுவிட்டது.

அவர் இருமி முடித்தார். நின்றுபோன அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதைப் பிடித்துத் தன் கோட்டுக் கழுத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"போடும்மா" என்றார்.

பொத்தான் காஜாத் துளையில் ஏற வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அவர் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, அந்த வெயிலில் அசையாமல் நின்றார்.